கல் அசல்தான், ஆனால் கை பட்டிருக்கிறது

கொஞ்ச நாள் முன்பு ஒருவர் தன் அப்பாவின் தங்க வாட்சைக் கொண்டுவந்தார். சாவி கொடுக்கும் பழைய வாட்ச். டயலில் எண்களுக்குப் பதில் வைரம், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பெசலிலும் வரிசையாக வைரம். வைரமா என்று சோதிக்கும் டெஸ்டர் கருவியை வைத்து ஏற்கெனவே பார்த்துவிட்டாராம், ஒரு கல் விடாமல் பீப் அடித்ததாம். "எல்லாம் அசல் வைரம் சார், விலை மட்டும் சொல்லுங்க" என்றார்.

நான் டெஸ்டரைத் தொடவே இல்லை. அது கல்லில் வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று மட்டும்தான் பார்க்கும். வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் பீப் அடிக்கிற டெஸ்டர்கள் நிறைய. அது கிடக்கட்டும், இவர் கற்கள் நிஜ வைரமே. என் சந்தேகம் வேறு.

பத்து மடங்கு லென்ஸில் முதலில் டயலைப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் தட்டையான மேல்முகத்தைச் சுற்றி எட்டே பட்டை, அடியில் எட்டு, மேல்முகத்தோடு சேர்த்து 17. சிங்கிள் கட் என்போம். போன நூற்றாண்டின் நடுவில் வாட்சுகளில் வைத்த பொடி வைரங்களில் இந்தக் கட்டிங்தான் அதிகம். அப்புறம் லென்ஸைப் பெசலுக்கு நகர்த்தினேன். அங்கே அத்தனையும் 57 பட்டை போட்ட ஃபுல் கட். இரண்டும் மின்னுகிற விதமே வேறு. சிங்கிள் கட் அகலமாகப் பளிச்சென்று அடிக்கும், ஃபுல் கட் பொடிப்பொடியாகச் சிதறும். பெசலைக் கழற்றித் திருப்பினேன். துளைகளின் ஓரம் பிசிறு தட்டியிருந்தது, இடைவெளியும் சீராக இல்லை. டயல் ஃபேக்டரியில் செய்தது. பெசலில் வைரம் வைத்தது பிற்பாடு யாரோ.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபுல் கட் இருந்தாலே கை பட்டது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஃபேக்டரியே ஃபுல் கட் வைத்த பழைய வாட்சுகளும் உண்டு. ஒரே வாட்சில் இரண்டு விதம் கலந்திருந்தால் மூக்கு வியர்க்க வேண்டும், அவ்வளவே. அதன் பிறகு துளை, பாலிஷ், முத்திரை எல்லாம் சேர்ந்து சாட்சி சொல்லும்.

அவருக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது. வைரம் கூடினால் விலையும் கூட வேண்டாமா? நகைக் கணக்கு அப்படித்தான் போகும். வாட்ச் சேகரிப்பவர்கள் கணக்கு தலைகீழ். அந்தப் பெசல் வெறும் தங்கமாகவே இருந்திருந்தால் இன்னும் நல்ல விலை போயிருக்கும். துளை போட்ட தங்கத்தைப் பழையபடி ஆக்க முடியாது. போதாததற்கு, தாங்கள் வைக்காத கல் இருந்தால் சர்வீஸுக்கே எடுக்க மறுக்கிற பெரிய நிறுவனங்களும் உண்டு.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாயின் ரோலக்ஸ். மாடல் எண் (ரெஃபரன்ஸ்) 6062, மஞ்சள் தங்கம், கறுப்பு டயல், தேதியும் பிறை நிலவும் காட்டும். 1954இல் ஜெனீவாவில் வாங்கியது. 2002இல் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 2,35,000 டாலர். 2017 மே மாதம் ஜெனீவா ஏலத்தில் 50,66,000 சுவிஸ் ஃபிராங்க். அதில் இருக்கும் வைரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? இரட்டைப்படை மணிகளுக்குப் பொடிப்பொடியாகச் சில. அவற்றை மட்டும் பிரித்துத் தராசில் வைத்தால் அந்த விலையின் ஓரத்துக்குக்கூட வராது. கறுப்பு டயலில் வைரம் வைத்த 6062 மொத்தமே மூன்றுதான் தெரியவந்திருக்கின்றன. வைரம் இரட்டைப்படையில் அமைந்தது இது ஒன்றே. யார் கையில் இருந்தது என்பதும் தெரியும். விலை அதற்குத்தான்.

இதைவிட வேடிக்கை சிவப்புக் கல் விஷயம். 1920, 30களில் வந்த பெண்கள் வாட்சுகள் பலவற்றில் வைரத்துக்கு நடுவே சின்னச் சின்னச் சதுரமாக மாணிக்கமோ நீலமோ வைத்திருப்பார்கள். அவற்றில் நிறைய செயற்கைக் கற்கள். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். 1902இல் வெர்னொய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி மாணிக்கத்தை உலையில் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதன் பிறகு ஒரே நிறத்தில், ஒரே அளவில் எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தன. செய்தவர்களுக்கு அது பெரிய வசதி. லென்ஸில் பார்த்தால், சரியான கோணத்தில் திருப்பினால், இசைத்தட்டின் வரிகள் போல வளைந்த கோடுகள் தெரியும். பூமியில் விளைந்த மாணிக்கத்தில் கோடுகள் நேராக ஓடும். அப்படிப்பட்ட வாட்சில் "செயற்கைக் கல்லா, எடுத்துப் போடு" என்று இயற்கை மாணிக்கம் வைத்துக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காசும் போய், வாட்சின் அசல் தன்மையும் போயிற்று.

(வாட்ச் எந்திரத்தில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதும் இந்தச் செயற்கை மாணிக்கம்தான். உராய்வைக் குறைக்க வைப்பது, விலை கிடையாது. அதைப் பிரித்து விற்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

வாங்கப் போகிறீர்கள் என்றால் முத்திரையைப் பாருங்கள். சுவிஸ் 18 காரட் தங்கக் கேஸில் (வாட்சின் வெளிக்கூட்டில்) 1995 வரை ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை இருக்கும். அதற்குப் பிறகு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. 1960களின் வாட்ச் என்று சொல்லி நாய் முத்திரை காட்டினால் அந்தக் கேஸ் அந்தக் காலத்தது இல்லை. முத்திரை பாதி தேய்ந்திருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பாலிஷ் கல்லைப் பிடித்திருக்கும் தங்கப் பொட்டுகளையும் தின்றுவிடும், கல் ஆட ஆரம்பிக்கும். படேக் பிலிப் என்ற சுவிஸ் நிறுவனம் தன் பழைய பதிவேட்டிலிருந்து ஒரு சான்று எடுத்துத் தரும். ரோலக்ஸ் அப்படித் தருவதில்லை, அங்கே அந்தக் காலத்துப் பில்லும் கியாரண்டி அட்டையும்தான் துணை.

வீட்டிலேயே அப்படியொன்று இருந்தால், சுத்தம் செய்கிறேன் என்று ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் மட்டும் போடவிடாதீர்கள். மரகதத்தின் விரிசல்களில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அது வெளியேறிவிட்டால் கல் வெளுத்துத் தெரியும். 1960களில் பியாஜே நிறுவனம் புகழ்பெற வைத்த மாலகைட், லாபிஸ், டர்க்காய்ஸ் டயல்கள் மெல்லிய கல் வில்லைகள், எளிதில் விரிசல் விடக்கூடியவை.

டயலில் இருந்து ஒரு கல் கழன்று கண்ணாடிக்குள் உருண்டால் வாட்சைக் குலுக்கிப் பார்க்காதீர்கள், முள்ளையும் திருப்பாதீர்கள். வைரம் டயலைக் கீறும், முள்ளுக்கு அடியில் சிக்கினால் முள் வளையும். கண்ணாடி மேலே இருக்கும்படி ஒரு டப்பாவில் வைத்து, ஓடிக்கொண்டிருந்தால் தானாக நிற்கும்வரை விட்டு, அப்படியே கொண்டுவாருங்கள். வாட்சுக்கு வெளியே விழுந்த கல் என்றால், சில்லுப் போயிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் ஒரு பொட்டலத்தில் மடித்துக் கூடவே எடுத்து வாருங்கள்.