டிரைவர் தேடுவதற்கு முன் கோட் எண்ணைப் பாருங்கள்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி, அப்பாவின் பனியன் கம்பெனிக் கணினியையே தூக்கிக்கொண்டு கோவை கணபதியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்துவிட்டார். பீஸ் எண்ணுவதற்கு ஏடிமெகா8 சிப் வைத்து அவரே செய்த யூஎஸ்பி கருவி. செருகியதும் ‘அன்நோன் டிவைஸ்’, அதாவது தெரியாத கருவி என்று வந்திருக்கிறது. கருவியோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள்தான் டிரைவர்; அது இல்லை என்று நினைத்து, உடனே இணையத்தில் கண்ணில் பட்ட ‘டிரைவர் பேக்’ ஒன்றை இறக்கிவிட்டார். கருவி அப்படியேதான் இருக்கிறது. பில் போடும் கணினியில் திறந்த பக்கமெல்லாம் விளம்பரம். இந்த மாதத்தில் இது மூன்றாவது கணினி.

கருவி தெரியவில்லை என்றால் டிரைவர் இல்லை என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கருவிகளை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் கோட் 28 என்று இருந்தால்தான் டிரைவர் இல்லை. கோட் 43 என்று இருந்து, ஹார்டுவேர் ஐடியில் (கருவியின் அடையாளத்தில்) தயாரிப்பாளர் எண் 0000 என்று தெரிந்தால், ‘நீ யார்’ என்று கணினி கேட்டதற்குக் கருவி சரியான பதிலே சொல்லவில்லை. தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் கிடைத்த பிறகுதான் விண்டோஸ் டிரைவரைத் தேடும். எண்ணே வராதபோது ஆயிரம் டிரைவர் இறக்கினாலும் எதற்குப் பொருத்தும்?

தம்பியின் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலின் தகர மூடியில் 16.000, அதாவது 16 மெகாஹெர்ட்ஸ் என்று பொறித்திருந்தது. நிரலிலோ 12 மெகாஹெர்ட்ஸ். ஒரே ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஏற்றினோம், பேசிவிட்டது. கணினியைச் சுத்தம் செய்யத்தான் ஒரு நாள் முழுக்கப் போனது.

செருகும்போது விளக்கு மட்டும் எரிந்து, கணினி சத்தமே போடவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் கேபிள்கள் பலவற்றில் டேட்டா கம்பிகளே இருக்காது.

காணொளியைப் பார்த்து, டிரைவர் நம்பகமான இடத்திலிருந்து வந்ததா என்று விண்டோஸ் பார்க்கும் கையொப்பச் சோதனையை அணைக்கவே அணைக்காதீர்கள், அதுவும் கணக்கு வைத்திருக்கும் கணினியில். யூஎஸ்பி கருவிக்கு டிரைவரை மாற்றிப் பொருத்தும் ஸாடிக் மென்பொருளைப் பயன்படுத்தினால் பட்டியலில் இருப்பது உங்கள் கருவியின் எண்தானா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு கல்லூரி மாணவி கீபோர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தட்டச்சு செய்ய முடியாமல் ஓடிவந்தார். சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப் உள்ள போர்டு என்றால், டிரைவரை அந்தச் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

கண்ணுகளா, எண்ணிக்கை அனுப்புகிற சிறு கருவிக்கு எச்ஐடி (கீபோர்டு, மவுஸ் போன்றவை சேர்ந்த) வகையே போதும். அதற்குரிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. அதுவும் சரிவரவில்லை என்றால் கணினியைச் சுமந்துகொண்டு வர வேண்டாம். கருவியையும் நீங்கள் செருகிய அதே கேபிளையும் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.