கோட் அடிச்ச கலர் தானா மாறாதுங்க

இந்த மாசத்துல இது மூணாவது தடவை, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். சாஸ்ங்கற (SAS) டேட்டா அலசுற சாஃப்ட்வேர்ல ஓடுற ரிப்போர்ட் ஒண்ணு, 10 சதவீதத்தத் தாண்டுன வரியெல்லாம் சிவப்பு, அதுல டேபிள் போடற ப்ராக் ரிப்போர்ட்ல (PROC REPORT), கம்ப்யூட் பிளாக்குக்குள்ள கலர் குடுக்கற கால் டிஃபைன் (CALL DEFINE) கட்டளைய வச்சு அடிச்சது, எக்செல் ஃபைலா எழுதித் தர்ற ஓடிஎஸ் எக்செல் (ODS EXCEL) வழியா ஃபைல் போச்சு. வாங்குனவர் அதுல ஒரு 14 தப்புன்னு கண்டுபிடிச்சு கையாலயே 4ன்னு மாத்திட்டாரு. நம்பர் 4, வரி இன்னும் சிவப்பு. மீட்டிங்ல அரை மணி நேரம் அந்த 4ல என்ன பிரச்சனைன்னு பேசியிருக்காங்க, கடைசில எனக்கு போன், "உங்க கோட்ல பக் இருக்கு"ன்னு.

பக் இல்லைங்க. கோட் ஓடுனப்போ நம்பர் என்னவா இருந்துச்சோ அதுக்கு அடிச்ச பெயின்ட் அது. ஃபைல் வெளிய வந்தப்புறம் கோட்டுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அந்த செல் சிவப்புன்னு எக்செல்லுக்குத் தெரியும், ஏன் சிவப்புன்னு தெரியாது. இதையும், எக்செல்லே நம்பரப் பாத்து தானா கலர் அடிக்கற கண்டிஷனல் ஃபார்மட்டிங்கையும் ஒண்ணுன்னே முக்காவாசி பேரு நினைச்சுக்கறாங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கறதுதான் வினை. கண்டிஷனல் ஃபார்மட்டிங்ல ரூலே ஃபைலுக்குள்ள இருக்கும், நம்பர மாத்துனா எக்செல்லே திரும்பப் பாத்து கலர மாத்தும். பெயின்ட்ல ரூலும் கிடையாது ஒண்ணும் கிடையாது. டவுட்டா இருந்தா அந்த செல்ல செலக்ட் பண்ணி, கண்டிஷனல் ஃபார்மட்டிங் மெனுல இருக்கற ரூல்ஸ் மேனேஜரத் திறந்து பாருங்க, காலியா இருந்தா பெயின்ட்தான்.

ஃபைல யாராவது தொடுவாங்கன்னு தெரிஞ்சா கோட் எழுதுறவங்க ரூலாவே எழுதி அனுப்புங்க, எக்செல் ஃபைல் எழுத பைத்தான்ல இருக்கற ஓப்பன்பைஎக்செல்லயும் (openpyxl) முடியும், ஆர் (R) மொழில இருக்கற ஓப்பன்எக்ஸ்எல்எஸ்எக்ஸ்லயும் (openxlsx) முடியும். (ஓப்பன்பைஎக்செல்ல ஒரு கடுப்பு, செல் முழுக்க ஒரே கலர் அடிக்கற சாதா சாலிட் ஃபில்லுக்கு கலர எஃப்ஜிகலர்ங்கற (fgColor) இடத்துல குடுக்கணும், கண்டிஷனல் ரூலுக்கு பிஜிகலர்ல (bgColor). இதுலயே ஒரு சாயங்காலம் போச்சு எனக்கு.) ஆர்ல பெயின்டாவே அடிக்க ஆட்ஸ்டைல் (addStyle) போடறப்ப, பழைய ஃபார்மட்டோட சேத்துக்கச் சொல்ற ஸ்டாக்க (stack) ட்ரூன்னு குடுக்க மறந்தீங்கன்னா கலர் வந்துடும், ஏற்கனவே போட்ட சதவீத ஃபார்மட் காணாமப் போயிடும்.

இன்னொரு கோஷ்டி இருக்கு, "செக் பண்ணணும்"னு கையால மஞ்சள் அடிச்சு திருப்பி அனுப்புவாங்க. நான் டேட்டாவா படிக்கிறப்ப வேல்யூ மட்டும்தான் உள்ள வரும், உங்க மஞ்சள் வராது. அடுத்த தடவை ஓட்டுனா அதே பேர்ல புது ஃபைல், அடிச்ச மஞ்சளும் அதோட போச்சு. கெஞ்சிக் கேக்கறேன், பக்கத்துல ஒரு காலம் (column) போட்டு வார்த்தையில எழுதுங்க. சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாதவங்களுக்கும், கருப்பு வெள்ளைல பிரின்ட் எடுக்கறவங்களுக்கும் அதான் உதவும்.

நம்பர் தப்பா இருந்தா நீங்களே மாத்தாதீங்க, சொல்லுங்க. டேட்டால திருத்தி மறுபடி ஓட்ட எனக்கு ரெண்டு நிமிஷம்.