ஆஃப், அப், அப்புறம் நம்ம ‘போட்டு’

கோபிசெட்டிபாளையம் பக்கம் வீட்டுக்கு வந்தவரை “சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்க” என்பார்கள். இதில் யாரும் எதையும் போடுவதில்லை. ‘போடு’ தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டு, சாப்பிட்டு முடிப்பதை மட்டும் சொல்கிறது. ‘கிணறு வத்திப்போச்சு’ என்றாலும் கிணறு எங்கேயும் போய்விடவில்லை. பள்ளியில் துணைவினை என்று படித்தோமே, அதுதான் இது.

ஆங்கிலத்தில் வினையோடு அப், ஆஃப் போன்ற குட்டிச் சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது ஃப்ரேசல் வெர்ப். அதைக் கண்டு மிரளுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கிணற்றைத்தான். வத்திப்போவதற்கு ஆங்கிலத்தில் ‘ட்ரை அப்’. தண்ணீர் கீழே இறங்குகிறது, சொல்லில் ‘மேலே’ இருக்கிறது. இங்கே ‘அப்’ திசையைச் சொல்லவில்லை, முழுசாக முடிந்ததைச் சொல்கிறது. குடத்தில் தண்ணீர் மேலேறி விளிம்பைத் தொட்டால் குடம் நிறைந்தது அல்லவா? மேலே என்பது முழுமைக்கு அடையாளமான விதத்தை அப்படி நினைத்துப் பார்க்கலாம். ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடு. ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடு.

திருப்பூர் பனியன் கம்பெனியில் பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் அக்கா மகன் ஒருநாள் போனில், “ஏனுங் மாமா, பையர் ஹோல்ட்ங்கறான், ஆஃப்ங்கறான். புடிச்சுக்கச் சொல்றானா, விடச் சொல்றானா?” என்றான். மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: சாம்பிளை ‘சைன் ஆஃப்’ செய்யும்வரை கட்டிங்கை ‘ஹோல்ட் ஆஃப்’ செய்யவும். ‘ஆஃப்’ என்றால் விலகல். ஹோல்ட் ஆஃப்: துணியில் கை வைக்காமல் விலகி நில். சைன் ஆஃப்: ஒப்புதல் கொடுத்து, வேலையைக் கையைவிட்டு அனுப்பு. நாளை விலக்கி வைத்தால் ‘புட் ஆஃப்’. புட் என்றால் போடு, ஆஃப் என்றால் தள்ளி. நம்முடைய ‘தள்ளிப்போடு’ அப்படியே அங்கே இருக்கிறது!

பொருளின் பெரும்பங்கு இந்தக் குட்டிச் சொல்லில்தான் என்பதற்கு நம் பேச்சே சாட்சி. ‘ஸ்விட்ச் ஆஃப்’பிலிருந்து வினையைக் கழற்றிவிட்டு, “மோட்டாரை ஆஃப் பண்ணு” என்கிறோம். ஒன்றும் குறையவில்லை. அதனால் கெட், புட், டேக் என்று வினைவாரியாக மனப்பாடம் செய்வதைவிட, அப், ஆஃப், அவுட் என்று சேர்த்துப் படிப்பது மேல். எல்லாம் இப்படிப் பிடிபடாது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள் என்பதை முழுசாகத்தான் மனதில் வைக்க வேண்டும்.

ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டாருக்கு இந்த ஃப்ரேசல் வெர்ப்பே பெரும் சிரமம் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதினார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவியது.

இன்னொரு இடத்தில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்குகிறார்கள். ‘டர்ன் ஆஃப் த மோட்டார்’, ‘டர்ன் த மோட்டார் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் மோட்டாருக்குப் பதில் ‘இட்’ வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி. ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் விழும். புதுச் செய்திக்கு அங்கே இடம். ‘இட்’ முன்பே தெரிந்த பொருள், அழுத்தம் தாங்காத சொல். அதனால் அது நடுவில் ஒதுங்க, ‘ஆஃப்’ கடைசியில் வந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது.