புகையில் பழுத்த இலையும் காலைத் தேநீரும்

லட்டாக்கியாவை முதன்முதலாக முகர்ந்தபோது எனக்கு ஆஸ்பத்திரி வராண்டாதான் ஞாபகம் வந்தது. கப்பலில் வேலை பார்த்த நண்பர் கொண்டுவந்து கொடுத்த பைப் புகையிலை அது. தகர டப்பாவைத் திறந்ததும் விறகடுப்பு வாடை, தார் வாடை, அதற்கும் மேலே கிருமிநாசினி வாடை. உடனே மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, அந்தப் புகை இல்லாமல் காலைத் தேநீர் இறங்கவில்லை. டப்பாவும் அதே, மூக்கும் அதே. இடையில் மாறியது எது?

இலையிலிருந்து தொடங்குவோம். லட்டாக்கியா என்பது சிரியாவின் துறைமுகப் பட்டணம். அதன் பின்னாலுள்ள மலைகளில் வெயிலில் உலர்த்திய புகையிலையைக் கொட்டகைக்குள் கட்டித் தொங்கவிட்டு, கீழே விறகையும் வாசனைச் செடிகளையும் கொழுந்துவிடாமல் கனியவிட்டுப் புகை போடுவார்கள். வாரக்கணக்கில் அப்படிக் கிடந்து இலை கன்னங்கரேல் என்று ஆகும். இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி சைப்ரஸ் தீவில் தயாராவது. இங்கிலாந்து பாணி பைப் புகையிலைக் கலவைகளுக்கு ஆதாரமே இந்தக் கறுப்பு இலைதான். யாழ்ப்பாணத்தில் பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) எரித்துப் புகை போட்டுப் புகையிலை பதப்படுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தெரியாது. சீனத்தின் ஃபூஜியான் மாகாணத்தில், வூயி மலையில், தேயிலைக்கும் இதையே செய்கிறார்கள். பைன் விறகுப் புகையில் உலர்த்தும் அந்தத் தேயிலைக்கு லாப்சாங் சூச்சோங் என்று பெயர்.

மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின் என்ற பொருள். அது தீயில் உடையும்போது ஃபீனால் குடும்பத்துச் சேர்மங்கள் பல உண்டாகின்றன. அவற்றில் முக்கியமானது குவையகால். புகை வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதனுடையது. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் குவையகாலைத் தாராளமாகத் தரும். ஓக் போன்ற அகன்ற இலை மரங்கள் அதோடு சிரிங்கால் என்ற இன்னொரு சேர்மத்தையும் தரும். புகையில் அதே குடும்பத்துக் கிரெசாலும் இருக்கும். பழைய ஆஸ்பத்திரிகளில் தரை கழுவிய கிருமிநாசினிகளின் சரக்கு அதுதான். ஆக, என் மூக்கு பொய் சொல்லவில்லை. வராண்டாவில் இருந்ததும் டப்பாவில் இருந்ததும் ஒரே குடும்பம்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி அடுத்து வருவது. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால், வெனிலாவின் வெனிலின் இரண்டுமே குவையகாலின் எலும்புக்கூட்டின் மேல் கட்டப்பட்டவை. அதில் ஒட்டும் அணுக்கூட்டம் எது என்பதைப் பொறுத்து ஒன்று பிரியாணிக்குப் போகிறது, ஒன்று ஐஸ்கிரீமுக்குப் போகிறது, ஒன்று மூக்கைச் சுளிக்க வைக்கிறது.

நாம் சுவை என்று சொல்வதில் பாதிக்கு மேல் மணம். வாய்க்குள் போனதன் ஆவி தொண்டைக்குப் பின்வழியாக ஏறி மூக்கைத் தொடுகிறது. பைப் புகையை மெல்ல மூக்கு வழியே விடும்போது நடப்பதும் இதுதான். ஆனால் மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். ஒரே வாடையைத் தொடர்ந்து கொடுத்தால் சில நிமிடங்களில் உணர்வதை நிறுத்திவிடும். இடையில் ஒரு வாய்த் தேநீர் குடித்தால், சூடும் துவர்ப்பும் நாக்கை வேறு பக்கம் திருப்பி, மூக்குக்குச் சற்று ஓய்வு தருகின்றன. அடுத்த இழுப்பில் மணம் மீண்டும் எழுகிறது.

வெறுப்பு விருப்பமானதற்கு இது மட்டும் போதாது. அதைச் செய்தவை புகையிலையின் நிக்கோட்டினும் தேநீரின் காஃபீனும். பைப், சுருட்டுப் புகை பொதுவாகக் காரத்தன்மை (அமிலத்தன்மைக்கு எதிரானது) கூடியது. அந்த நிலையில் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும், நுரையீரல் வரை போகத் தேவையில்லை. (வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் வருவதற்கும் நுரையீரல் வரை போகத் தேவையில்லை.) இரவு முழுக்க நிக்கோட்டின் இல்லாமல் இருந்த மூளை, காலையின் முதல் இழுப்பில்தான் அதிகம் துள்ளும். அந்த நேரத்தில் மூக்கில் இருக்கும் வாடை எதுவோ அதை மூளை நல்ல சகுனமாகக் குறித்துக்கொள்கிறது. காஃபீனும் இந்த வேலையைச் செய்யும். பழக்கமில்லாத சுவையுள்ள பானத்தில் அதைக் கலந்து, காலையில் தேநீரோ காபியோ குடிக்காமல் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில நாளில் அந்தச் சுவையே அவர்களுக்குப் பிடித்துப்போனது. நான் ரசனை வளர்ந்துவிட்டது என்று நினைத்த அந்த இரண்டு மாதத்தில், கிருமிநாசினி வாடைக்கு இரண்டு பேர் சேர்ந்து சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சிகரெட்டில் பழகியவன் என்பதால் நான் பைப் புகையையும் உள்ளே இழுத்துவிடுவேன். பிறகு நிறுத்தினேன். தேநீரை நிறுத்தவில்லை, வழக்கமான நான்கு கோப்பை. முதல் இரண்டு வாரம் தூக்கமே இல்லை, கை நடுங்கியது. புகையை விட்டதன் தவிப்பு என்றே நினைத்தேன். பாதி உண்மை. புகையின் தாரில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. காஃபீனைச் சிதைப்பதும் அந்த நொதிதான். புகைப்பவர் உடலிலிருந்து காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறும். புகை நின்றால் சில நாட்களில் நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும். கோப்பை எண்ணிக்கை மாறாதபோது, உடம்பில் தங்கும் காஃபீன் கூடிவிடுகிறது.

இப்போது இரண்டு கோப்பைதான். காலையில் குடிப்பது லாப்சாங் சூச்சோங்.