வளர்ற பிள்ளை, தாராளமாத் தைங்க

போன மாதம் ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருவர் தன் அம்மாவுடன் மதுரையில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்திருந்தார். பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. யாராவது வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். உட்கார்ந்ததும் செல்போனை நீட்டினார். "வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட் மேடம். ஏதாவது விட்டுப்போச்சான்னு பாருங்க." எண்ணிப் பார்த்தேன், 43 பொருள். மூன்று அளவில் பால் புட்டி, புட்டியைச் சூடாக்க ஒரு மெஷின், தலை உருண்டையாக வருவதற்கென்று ஒரு தலையணை, வாக்கர், ஆறு ஜோடி கையுறை, பவுடர்.

நான் அவருடைய அம்மாவிடம் கேட்டேன், "இவங்க பிறந்தப்ப நீங்க என்னம்மா வாங்குனீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "எங்கய்யாவோட எட்டு முழ வேட்டி ரெண்டைக் கிழிச்சுத் துவைச்சு வச்சிருந்தோம். ரப்பர் ஷீட்டு ஒண்ணு. பால் புகட்டுற பாலாடை எங்கம்மாவோடது. பிள்ளை பிறக்கிறதுக்கு முந்தி புதுசு எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. தீட்டுக் கழிஞ்சப்புறம் நாலு சட்டை தைச்சோம். அவ்வளவுதான் டாக்டரம்மா."

எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் பத்துப் பன்னிரண்டு துண்டு தேறும். இரண்டு வேட்டிக்கு 20-க்கு மேல். பிறந்து ஒரு வாரமான குழந்தை நன்றாகப் பால் குடித்தால் நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகும், மலம் தனி. துவைத்தது காய்ந்து வரும்வரை தாங்க இந்தக் கணக்கு சரியாக இருக்கும். கணக்குப் போட்டு வைத்தவர் பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டியாகத்தான் இருந்திருப்பார்.

என் தம்பி 1978-ல் பிறந்தான். எனக்குப் பத்து வயது. அவனுக்குத் துணி எடுக்க அம்மாவும் பாட்டியும் புதுமண்டபத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, கல்தூண்களுக்கு நடுவில் தையல்காரர்கள் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். துணிக்கடை, வளையல் கடை, பாத்திரக் கடை எல்லாம் அங்கேயே. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. பாட்டி முதலில் போனது கட்பீஸ் கடைக்கு. தானில், அதாவது துணிச் சுருளில், கடைசியாக மிஞ்சிய மல் துணித் துண்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு ஜாக்கெட்டுக்குக்கூடக் காணாத துண்டில் பிள்ளைக்கு இரண்டு ஜபலா வந்துவிடும். விலையும் பாதிதான்.

பாட்டி துணி பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நெசவு பார்ப்பார். ஓரத்தை எச்சில் தொட்டு முந்தானையில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி, வெற்றிலை பாக்குக் கடையில் தொங்கும் தீக்கயிற்றில் காட்டுவார். பருத்தி நூல் காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். நைலானும் பாலியஸ்டரும் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணி மாதிரி நிற்கும். எடுத்த துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் தையலுக்குக் கொடுப்பார். சுருங்குவதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும் என்பதுதான் காரணம்.

நூல் எரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை இன்றைக்கும் என்னிடம் வரும் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு குழந்தைகள் வரிசையாக வருவார்கள். சட்டையைக் கழற்றினால் வெளியே மெத்தென்று இருக்கும், உள்ளே பாலியஸ்டர் லைனிங். கடையில் காட்டன் என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். களிம்பு எழுதுவதற்கு முன் சட்டையை மாற்றச் சொல்வேன். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

தையல்காரரிடம் பாட்டி சொன்ன ஒரே வாசகம், "வளர்ற பிள்ளை, தாராளமாத் தைங்க." மருத்துவப் புத்தகத்தில் இதற்கு எண்களே இருக்கின்றன. பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. நீளமுள்ள குழந்தை ஒரு வயதில் 75 செ.மீ. ஆகிறது. எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிப்பாகிறது, ஒரு வருடத்தில் மூன்று மடங்கு. பிறந்த குழந்தைக்கென்று அளவெடுத்தாற்போல வாங்கும் பத்து செட் உடுப்பும் இரண்டாம் மாதத்தில் இறுகிவிடும். பெண் பிள்ளைகளின் பட்டுப் பாவாடையில் இடுப்புக்குக் கீழே வரிசையாக டக் பிடித்துத் தைத்து, வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவார்கள் இல்லையா, அது வளர்ச்சியைப் புரிந்துகொண்ட தையல். என் ஆறாம் வகுப்புப் பாவாடையை ஒன்பதாம் வகுப்பு வரை கட்டினேன்.

பழையது என்பதாலேயே எல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். பயந்துபோன ஒரு நாளைச் சொல்கிறேன்.

பிறந்து ஐந்து நாள் ஆன ஆண் குழந்தை. பாட்டி கையில் ஏந்திக்கொண்டு உள்ளே நுழையும்போதே அந்துருண்டை வாசனை வந்துவிட்டது. பாச்சை உருண்டை என்றும் சொல்வோமே, அதுதான். குழந்தை உள்ளங்கால் வரை மஞ்சள். சரியாகப் பால் குடிக்கவில்லை, துவண்டிருந்தது. மூத்த பேரனின் துணிகளை நான்கு வருடமாக டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, எடுத்து அப்படியே போட்டுவிட்டிருக்கிறார்கள். அந்துருண்டையில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். எண்ணெய் தேய்த்த தோலில் இன்னும் சுலபமாக இறங்கும். மஞ்சள் காமாலை ஒரே நாளில் ஏறி மூளையைப் பாதிக்கலாம். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம். பிறந்ததும் சோதித்தால் தவிர, இருக்கிறதா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையை நீல விளக்கின் கீழ் வைத்து, இரத்தம் மாற்றவும் தயாராக இருந்தோம். நல்ல வேளை, விளக்கிலேயே இறங்கிவிட்டது. பாட்டி வார்டு வாசலில் அழுதுகொண்டே இருந்தார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

பழைய துணி போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். அண்ணன் போட்டது, சித்தி மகள் போட்டது எல்லாம் பத்துத் துவைப்புக் கண்டு மெத்தென்று இருக்கும். ஆனால் குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டை கூடவே கூடாது. நன்றாகத் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, ஒரு பழைய வேட்டியில் மூட்டை கட்டி வையுங்கள். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை போதும். எப்போது வெளியே எடுத்தாலும் மறுபடி துவைத்து வெயில் காட்டிவிட்டுப் போடுங்கள்.

புதிதாகக் கடையில் வாங்குவதற்கும் ஒரு கதை உண்டு. இரண்டு மாதப் பெண் குழந்தை, ராத்திரி முழுக்க அழுகை. வயிற்று வலி என்று நினைத்து என்னென்னவோ கொடுத்திருக்கிறார்கள். நான் வழக்கம்போல உடுப்பு முழுவதையும் கழற்றச் சொன்னேன். வலது கால் உறையை உருவியபோது நடுவிரல் திராட்சைப்பழம் போல வீங்கிச் சிவந்திருந்தது. உறையின் உள்பக்கத் தையலில் இருந்து பிரிந்த ஒரு நூல் விரலின் அடியில் இரண்டு சுற்று சுற்றி இறுகியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அதை வெட்டி எடுத்தேன். இன்னும் அரை நாள் போயிருந்தால் விரல் கறுத்திருக்கும். நூல் மட்டுமல்ல, அம்மாவின் உதிர்ந்த தலைமுடிகூட இதைச் செய்யும். கையுறை, காலுறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள். முகத்தைக் கீறிக்கொள்ளும் என்றுதான் கையுறை மாட்டுகிறோம். அதற்கு நகத்தை வெட்டினாலே போதும். 2015-ல் அரசு மருத்துவமனைகளில் கொடுக்க ஆரம்பித்த அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. துண்டு, கொசுவலை, நாப்கின், தாய் கை கழுவ சோப்புத் திரவம், நகவெட்டி, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட இருந்தது. பால் புட்டி இல்லை. எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு அந்தப் பட்டியலையே நான் எடுத்துக் காட்டுவதுண்டு.

புட்டியைப் பற்றி நீட்ட வேண்டாம். பால் புட்டிக்கும் குழந்தைப் பால் பவுடருக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்து, 2003-ல் அது இன்னும் கடுமையாக்கப்பட்டது. தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்கும் அவசியம் வந்தால் பாலாடை இருக்கிறது. மூலை முடுக்கு இல்லாததால் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் சுத்தமாகிவிடும். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் எடை குறைந்த குழந்தைகளுக்கு நாங்களும் அதில்தான் புகட்டுகிறோம். வாக்கரும் வேண்டாம். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். படியில் உருண்டு மண்டை உடைந்த குழந்தைகள் அத்தனை பேர். திருவிழாக் கடையில் விற்கும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. பிள்ளை தன் காலில் நின்று, தானே பிடித்துத் தள்ளினால்தான் அது நகரும். தலை உருண்டையாக வரும் என்று விற்கும் தலையணைகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2022-ல் எச்சரித்திருக்கிறது; மூச்சுமுட்டும் அபாயம். தூளி கட்டினால் பருத்திச் சேலையில், தரைக்குப் பக்கத்தில் தாழ்வாக, கண் முன்னால் இருக்கும்போது மட்டும். முகவாய் நெஞ்சில் மடிந்து கிடக்கக் கூடாது. ராத்திரித் தூக்கத்துக்கு சமமான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் போடுவதுதான் பாதுகாப்பு.

இனி அம்மாக்களின் துணி விஷயம். எனக்கு மனசு கனப்பது இங்கேதான்.

அந்தக் காலத்தில் ஒரு சேலை எத்தனை பிறவி எடுத்தது! தீபாவளிக்கு கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி விற்பனையில் எடுப்பார்கள். அரசு வேலை உள்ள வீடுகளில் சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு, சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வரும் தவணைக்காரர். சுங்குடிச் சேலை முதலில் விசேஷத்துக்கு, அப்புறம் வெளியே போக, அப்புறம் வீட்டில் கட்ட. கிழிந்ததும் நல்ல பகுதி தலையணை உறை, நைந்து மெத்தென்று ஆன பகுதி பிள்ளைக்குத் தூளியும் விரிப்பும். ஜரிகைப் பட்டு நைந்தால் பாத்திரக்காரியிடம் போட்டு எவர்சில்வர் குண்டான். கடைசியாக மிஞ்சிய கந்தல், மாதவிலக்குக்கு.

அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. அந்தக் கந்தலை வெயிலில் காயப்போட வெட்கப்பட்டு, குளியலறைக் கொடியில் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயவைப்பார்கள். அரைகுறை ஈரத்தோடு மறுபடி எடுப்பார்கள். புண்ணும் அரிப்பும் வந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எடுத்த பிறகு காசு மிஞ்சினால்தான் அம்மாவுக்கு உள்பாவாடை. சிக்கனத்தின் பாரம் முழுக்க ஒருத்தி உடம்பின்மேல் ஏறியது.

இன்றைக்கும் அது மாறவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? 20 நாள் குழந்தையை எடை கூடவில்லை என்று கொண்டுவந்தார் ஓர் இளம் தாய். குழந்தை அணிந்திருந்தது புத்தம் புது உடுப்பு, தொப்பியோடு. அம்மா நாற்காலியில் உட்காரும்போதே முகத்தைச் சுளித்தார். கல்யாணத்துக்கு முன் தைத்த ஜாக்கெட். தனியே அழைத்துப் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே தையல் அழுந்தி வரிவரியாகத் தடம். அதை ஒட்டி மார்பில் உள்ளங்கையளவு சிவந்து, கல் மாதிரி பால் கட்டியிருந்தது. காய்ச்சல் 102. வலியில் அந்தப் பக்கம் பால் கொடுப்பதையே விட்டுவிட்டார். குழந்தை எடை எப்படிக் கூடும்? "புதுசு தைக்கணும்னுதான் நினைச்சேன் மேடம். பாப்பாவுக்கே நிறையச் செலவாயிருச்சு" என்றார்.

இறுக்கமான உள்ளாடை பால் குழாய்களை அழுத்தும். பால் தேங்கும், கட்டும், சீழ்கூட வைக்கும். அந்தக் காலத்துத் தையல்காரரிடம் பெண்கள் "உள்ள துணி விட்டுத் தைங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் உள்ளே மடிந்திருக்கும். பிள்ளை பெற்றதும் ஒரு தையலைப் பிரித்தால் போதும், அதே ஜாக்கெட் போட்டுக்கொள்ளலாம். இன்றைய ரெடிமேடில் பிரிக்க உள்ளே துணியே இருப்பதில்லை. ஆகவே எட்டாம் மாதத்திலேயே, முன்பக்கம் திறக்கிற மாதிரி, ஓர் அளவு பெரிதாக, பருத்தியில் நான்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாடையில் கம்பி வேண்டாம்.

அந்த 43 பொருள் பட்டியலை நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தோம். 11 மிஞ்சியது. அதற்கு மேலே நான் என் கைப்பட மூன்று வரி சேர்த்தேன்: முன்பக்கம் திறக்கும் பருத்தி ஜாக்கெட் 4, உள்பாவாடை 4, பிரசவத்துக்குப் பிந்தைய பெரிய நாப்கின் 3 பாக்கெட்.

அவர் படித்துவிட்டு, "இது எனக்கா மேடம்?" என்றார்.

அவருடைய அம்மா சீட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "ஜாக்கெட் நான் தைச்சுக் கொடுத்துர்றேன் டாக்டரம்மா. மெஷின் வீட்லதான் இருக்கு. உள்ள ரெண்டு பக்கமும் துணி விட்டே தைக்கிறேன்."