கவுன்சலிங்: கலந்தாய்வா, ஆலோசனையா, ஆற்றுப்படுத்தலா?

பிளஸ் டூ மாணவரிடம் "கவுன்சலிங்" என்று சொன்னால் கட்-ஆஃப் மதிப்பெண்ணைச் சொல்வார். ஆசிரியரிடம் சொன்னால் பணியிட மாறுதல் நினைவுக்கு வரும். "கவுன்சிலர் வந்திருக்கிறார்" என்றால் வார்டு உறுப்பினரைத்தான் தேடுவோம். மனம் நொந்து கிடக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்க வேண்டிய உதவிக்கும் இதே பெயர்தான் என்பதில் தொடங்குகிறது குழப்பம்.

முதலில் கவுன்சில் வேறு, கவுன்சல் வேறு. முன்னது லத்தீனின் 'concilium': கூட்டி அழைத்த அவை. பின்னது 'consilium': கூடி ஆராய்தல், ஆராய்ந்து கண்ட கருத்து. தமிழில் இரண்டும் ஒரே ஒலியில் கரைந்துவிட்டன. 1908-ல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய நிலையம் இளைஞர்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று வழிகாட்டியது. அப்போது கவுன்சலிங் என்பது பெரும்பாலும் யோசனை சொல்வது. 1942-ல் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். பேசுபவரே தன் வழியைக் கண்டுபிடிக்கிறார், கேட்பவர் அதற்குத் துணை நிற்கிறார் என்றார். துறை அவரோடு நகர்ந்தது. நம் வழக்கில் சொல் பார்சன்ஸ் காலத்திலேயே நின்றுவிட்டது.

'ஆலோசனை' என்று பெயர்த்ததன் விளைவும் இதுதான். வடமொழியில் அதற்குப் பார்த்தல், எண்ணிப் பார்த்தல் என்றே பொருள். தமிழில் அது மேலிருந்து கீழே சொல்லும் யோசனையாகிவிட்டது. 'ஆலோசனை கொடுங்க' என்று பொறுப்பை ஒப்படைத்தால் ஆசிரியர் இயல்பாகவே அறிவுரை சொல்லத் தொடங்குவார். வேருக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் 'கலந்தாய்வு'தான். அதைப் பொறியியல் சேர்க்கை எடுத்துக்கொண்டது. இனி மீட்பது கடினம்.

மிஞ்சுவது ஆற்றுப்படுத்துதல். மனத்தை ஆற்றுவது என்று பலர் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். கேட்க இதமாக இருந்தாலும் பிழை. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் பாணனிடம் தான் போன இடத்தைச் சொல்வது ஆற்றுப்படை. 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்கிறது தொல்காப்பியம். வழி சொல்பவன் புலவனோ அரசனோ அல்லன், அதே தொழில்காரன். 'உழைத்தால் முன்னேறலாம்' என்று அவன் உபதேசிப்பதும் இல்லை. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் போனால் சுட்ட குழல்மீன், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு, கடைசியில் வள்ளல் நல்லியக்கோடனின் வாயில் என்று ஊர் ஊராக முகவரி வருகிறது.

ஆகவே ஒரு பிரிவினை செய்துகொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. ஆசிரியரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் சாரணரும் செய்ய வேண்டியது ஆற்றுப்படுத்துதல்: கவனித்து, கேட்டு, உரிய இடத்தில் சேர்ப்பது. பயிற்சி பெற்றவர் தொடர்ந்து அமர்வுகளாகச் செய்வது உளவளத்துணை. இது இலங்கைத் தமிழ் தந்த சொல். போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட வடக்கு கிழக்கில் நன்கு புழங்குவது. 'துணை' என்ற பின்னொட்டு ரோஜர்ஸ் சொன்னதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மருத்துவர் தருவது சிகிச்சை. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், தோழனே மருத்துவன் வேலையைத் தலையில் போட்டுக்கொள்வான்.

ஆற்றுப்படுத்துதல் நடைமுறையில் எப்படி இருக்கும்? சாப்பாட்டு டப்பா நிறைந்தபடியே திரும்புகிறது, முதல் பீரியடில் தூக்கம், நண்பர்களிடமிருந்து விலகல். இப்படி இரண்டு வாரம் நீடித்தால் பேச வேண்டும். ஆசிரியர் ஓய்வறை வேண்டாம். பிறர் கண்ணுக்குத் தெரிந்து, காதுக்கு எட்டாத இடம் போதும். வராந்தாக் கோடியில் இரண்டு நாற்காலி, எதிரெதிராக இல்லாமல் சற்றுச் சாய்வாக. "ஏன் இப்படி இருக்கே?" என்றால் விசாரணை. "கொஞ்ச நாளா நீ சரியாச் சாப்பிடலைனு கவனிச்சேன், எப்படிம்மா இருக்கே?" என்றால் பேச்சு. பதில் வரும்வரை மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் ஆசிரியர்களுக்கு மிகக் கடினம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் அந்தப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது; பாதுகாப்பான பெரியவரையும் மருத்துவ உதவியையும் அன்றே சேர்க்க வேண்டும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்வது பெரிய தவறு. பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அடுத்தது சேர்ப்பது. துண்டுச்சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தால் அது பையிலேயே கிடக்கும். உடன் அமர்ந்து இந்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைப்பதும், முதல் முறை உளவளத்துணை அறை வாசல்வரை கூடப் போவதும் வேறு. இலங்கையில் எண் 1926. ஒரு வாரம் கழித்துத் திரும்ப விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவரிடமே இந்தப் பொறுப்பையும் கொடுத்தால் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பிள்ளையை மைக்கில் பெயர் சொல்லி அழைத்தால் அடுத்த நாள் அதற்குப் பட்டப்பெயர் வந்துவிடும். மாணவர் குழுவின் வாட்ஸ்அப்பில் யாருடைய விவரமும் ஏறக் கூடாது. குழு மாணவர் ஒருவர் பிறரிடம் கேட்டறிந்த துயரம் அவருக்குக் கனமாக இருந்தால், அவருக்கும் பேச ஒரு பெரியவர் வேண்டும்.

எழுத்து பற்றி ஒன்று: ஓட்டுநர், இயக்குநர் போல ஆற்றுப்படுத்துநர்தான், 'னர்' அல்ல. அறைக் கதவில் 'மனநோய்ப் பிரிவு' என்றோ 'கவுன்சலிங் சென்டர்' என்றோ எழுத வேண்டாம். 'உளவளத்துணை' என்று எழுதி, கீழே யார் இருப்பார், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை என்று போடுங்கள். அறை நூலகத்தை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது: உள்ளே போகும் பிள்ளை எதற்குப் போகிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது.