ஆடி பிறந்ததும் கொல்லைக்குள் கை விடுகிறவர்களுக்கு

ஆடி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் என் கிளினிக் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். ஒருவர் விரலில் வேட்டிக் கிழிசலைச் சுற்றியிருப்பார், இன்னொருவர் ஒற்றைக் காலில் நொண்டி வருவார், ஒரு அக்கா முழங்கை வரை சொறிந்து சிவந்திருப்பார். உசிலம்பட்டிச் சாலையில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்டோ பத்து சென்டோ கொல்லை இல்லாத வீடு குறைவு. சித்திரை, வைகாசி வெயிலில் அதில் முருங்கையும் கறிவேப்பிலையும் தவிர எதுவும் நிற்காது. ஆனி கடைசியில் ஒரு தூற்றல் விழுந்ததும், 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று எல்லாருக்கும் நினைவு வரும். வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கு என்று விதைப் பொட்டலங்களும் வந்து சேரும். ஆனால் விதை போட இடம் வேண்டுமே! மூன்று மாதமாகக் குவிந்து கிடக்கும் தென்னை மட்டை, உடைந்த ஓடு, வைக்கோல், விறகு எல்லாவற்றையும் முதலில் அகற்ற வேண்டும்.

நான் பார்த்தவரை, விதைக்கும்போதும் களையெடுக்கும்போதும் வருகிற காயம் கொஞ்சம்தான். ஆபத்தெல்லாம் சுத்தம் செய்கிற அந்த முதல் நாளில்தான். நாம் கை வைக்காமல் விட்ட மூன்று மாதத்தில் அந்தக் குவியல் வேறு யாருக்கோ வீடாகியிருக்கும். மறுபடி நுழைகிற நாம், அது நம் கொல்லைதானே என்ற தைரியத்தில் வெறுங்கையை விடுகிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆசிரியர் வந்தார். ஓடுகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் கை விட்டிருக்கிறார், சுருக்கென்று ஏதோ குத்தியிருக்கிறது. "ஒரு சாண்தாம்மா இருக்கும், குட்டிப் பாம்பு" என்றார். குட்டியெல்லாம் இல்லை, அது சுருட்டை விரியன். அதன் உருவமே அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டடியைத் தாண்டாது. கல்லுக்கும் ஓட்டுக்கும் அடியில் சுருண்டு கிடக்கும், தொந்தரவு செய்தால் செதிலோடு செதிலை உரசிச் சரசரவென்று சத்தம் எழுப்பும். அது கடித்தால் ரத்தம் உறையும் தன்மை போய்விடலாம். அவர் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்தார், பக்கத்து ஊரில் பச்சிலை வைத்துக்கொண்டு வந்ததில் இரண்டு மணி நேரம் போயிருந்தது. கை நீலம் பாரித்திருந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற ஒரு ஊசி மட்டும் குத்தி வைத்து, 108-ஐ அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார்.

இதை எழுதுவதற்கு முக்கியக் காரணமே அந்த இரண்டு மணி நேரம்தான். பாம்பு கடித்தால் என்னிடம் வராதீர்கள். என்னைப் போன்ற சின்ன கிளினிக் எதற்கும் போகாதீர்கள். பாம்புக்கடி விஷமுறிவு மருந்தும், மூச்சு நின்றால் காப்பாற்றும் வசதியும் இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள். மருந்து அங்கே இலவசம். அங்கு ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கேட்பதற்கு எளிதான சோதனைதான், ஆனால் அதைச் செய்து உடனே மருந்தை ஏற்ற ஆளும் இடமும் வேண்டும்.

"பாம்பை அடிச்சுக் கொண்டாந்திருக்கோம் டாக்டரம்மா, எந்தப் பாம்புன்னு பாருங்க" என்று பையைத் திறந்து காட்டுகிறவர்கள் இப்போதும் உண்டு. (ஒருமுறை அந்தப் பைக்குள் இருந்தது சாகவில்லை. அந்தக் கதை வேறு.) அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவதுதான் மிச்சம். இங்கே கொடுக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து. இந்தப் பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். அதற்கான விஷத்தைப் பல வருடங்களாகக் கொடுத்து வருவது சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மருந்து ஒன்றுதான் என்னும்போது பாம்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் வீண். முடிந்தால் தூர நின்று போனில் ஒரு படம் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். கடிபட்டவர் தானே பைக் ஓட்டி வருவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கொல்லையைக் கலைத்த அன்று இரவு இன்னொரு எச்சரிக்கை இருக்கிறது. குவியலிலிருந்து கிளம்பிய பாம்பு ஊரைவிட்டா போய்விடும்? மாட்டுக்கொட்டகைக்கோ திண்ணைக்கோ வரலாம். கட்டுவிரியன் இரவில்தான் திரியும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி என்பார், இமை தூக்க முடியாமல் சொருகும், அதன் பிறகு மூச்சு. அதனால் அந்த ஒரு வாரமாவது வெறும் தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலையை நன்றாகச் செருகிப் படுங்கள்.

சரி, குவியலை எப்படித்தான் கலைப்பது? என் அத்தை, அதாவது மாமியார், சொல்லித்தான் நானே கற்றுக்கொண்டேன். கோழி கூப்பிட்டதும் இருட்டோடு தொடங்கக் கூடாது, நன்றாக வெளிச்சம் வரட்டும். முதலில் நீளமான கம்பால் நாலு பக்கமும் தட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அப்புறம் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியால் மட்டைகளை ஒவ்வொன்றாக உங்கள் பக்கம் இழுத்துப் போடுங்கள். ஓட்டையும் கல்லையும் புரட்டும்போது அப்பால் இருக்கிற விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் ஓடிவிடும்.

தேளுக்கும் இதே முறைதான். செந்தேள் கொட்டி, கொட்டிய இடத்தில் வலியோடு உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் சில்லிட்டுப் போனால், அதுவும் குழந்தையாக இருந்தால், வலி ஊசியோடு வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. விஷம் இதயத்தைத் தாக்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற ஊரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராசோசின் மாத்திரையே இதில் உயிரைக் காக்கும் என்று காட்டினார். இன்று நாங்கள் கொடுப்பதும் அதுதான். ஆனால் சீக்கிரம் வந்தால்தான் பலன்.

அடுத்தது முள். பாம்பைப் பற்றிப் பேசினால் காது கொடுக்கிறவர்கள் முள் என்றால் சிரித்துவிடுகிறார்கள். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கொல்லை வேலியோரம் சீமைக்கருவேலம் இல்லாத இடம் நம் பக்கம் உண்டா? அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். நுனி உள்ளே ஒடிந்து நிற்கும், மேலே தோல் மூடிக்கொள்ளும். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனவருக்கு அது தைத்ததே தெரியாது. ஒரு அண்ணன் பதினைந்து நாள் கழித்து வந்தார். அதுவும் காலுக்காக வரவில்லை, "ரெண்டு நாளா குளுரு காய்ச்சல்" என்று வந்தார். அறையில் வாடை அடித்ததால் செருப்பைக் கழற்றச் சொன்னேன். பெருவிரலுக்கு அடியில் சீழ். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

எக்ஸ்ரேயில் இரும்பும் கண்ணாடியும் தெரியும், முள் பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல' என்று நிம்மதியாகப் போனவர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள். வீக்கம் வடியவில்லையென்றால் ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டும். சர்க்கரை இருக்கிறவர்கள் கொல்லை வேலை முடிந்ததும் கால் கழுவி, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரன் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊக்கால் குத்தித் தோண்டுவதும், எருக்கம்பால் வைப்பதும், விளக்கெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம்.

முள்ளோடு சேர்ந்து வருவது டெட்டனஸ். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, துருப்பிடித்த ஆணியில் மட்டும் இருப்பதாக நினைக்கிறோம். பெண்கள் கர்ப்ப காலத்தில் ஊசி போட்டிருப்பார்கள். ஆண்களைக் கேட்டால், "பள்ளிக்கூடத்துல போட்டது" என்பார்கள். அவருக்கு வயது ஐம்பது இருக்கும். பெரியவர்களுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறை டிடி என்கிற டெட்டனஸ் தடுப்பூசி வேண்டும். மண் பட்ட ஆழமான காயமென்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே இன்னொன்று. ஆடிக்கு முன்பே போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, சாமான் அறையில் இருக்கும் பழைய பூச்சிமருந்து. போன வருடம் மீந்ததைக் குடிக்கிற கலர் பாட்டிலில் ஊற்றி மூடி, ஜன்னல் மாடத்தில் வைத்திருப்பார்கள். முதல் நாள் வேலையில் வியர்த்து வந்த ஒருவர் தண்ணீர் என்று நினைத்து எடுத்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். அது களைக்கொல்லி. துப்பிவிட்டதால் தப்பித்தார். பாராகுவாட் போன்ற மருந்து உள்ளே போயிருந்தால், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. வேறு சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் இருக்கிறது: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வடிந்து, வியர்த்து ஊற்றினால் அதைத்தான் ஏற்றுவோம். குடித்தவருக்குச் சாணிக் கரைசலோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போனால் இன்னொரு ஆபத்து. டப்பாவைக் கையோடு கொண்டு வாருங்கள். அதில் உள்ள முக்கோணத்தைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும்: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை.

என்னைக் கேட்டால் பத்து சென்ட் கொல்லைக்குக் களைக்கொல்லியே தேவையில்லை, மம்பட்டி போதும். அடித்தே தீருவேன் என்றால், ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றை எதிர்த்து நின்று அடிக்காதீர்கள். சட்டை நனைந்தால் உடனே கழற்றி சோப்புப் போட்டுக் குளியுங்கள், தோல் வழியாகவே ஏறும் மருந்துகள் உண்டு. பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கியதால் வரும் அரிப்புக்கு நான் களிம்பு எழுதித் தருகிறேன், ஆனால் அடுத்த முறை முழுக்கைச் சட்டையோடும் கையுறையோடும் பிடுங்குங்கள்.

எங்கள் கொல்லையை இந்த ஞாயிறு கலைக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. "இதைப் போட்டா மண்ணு சூடு காலுக்குத் தெரியலத்தா" என்று முதல் வருடம் முழுக்கப் புலம்பினார். இப்போது குவியலைக் கலைத்து முடிக்கும் வரை போட்டிருக்கிறார். பாத்தி கட்டி வெண்டை விதை ஊன்றும்போது மட்டும் கழற்றி வேலி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிவிடுவார். சர்க்கரை இல்லை, டிடி போட்டாயிற்று, பாத்தியும் சுத்தமாகிவிட்டது. சாயந்திரம் அந்தப் பூட்ஸைத் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்து வருவேன்.